தாரை வார்த்தல்

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில்
மடக்கு நாற்காலி இருநூறு போட்டார்கள்; போதவில்லை.
பிந்தி வந்தவர்கள் புள்ளிப் பலகைக்குக் கீழே நின்றார்கள்.
உள்ளூர், விருந்தினர் என்று
விளக்கெரியாமல் எழுதியிருந்தது அதில்.

கார்வர்ஸ் ரன், பென்சில்வேனியா.
இணைப்புகள் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.
குடிநீர்க் குழாயையும் சாக்கடையையும் சேர்த்து வாங்க
ஒரு கம்பெனி வந்திருக்கிறது.
விலை முப்பத்தெட்டு மில்லியன் டாலர்.

எனக்கு இந்த ஊர் தண்ணீர் பட்ட பாடு.
பதினாலு வருஷமாக நகராட்சி ஜன்னலுக்குப் பின்னால்
பில் போடுகிறவள் நான்.
எந்த வீட்டில் குழந்தை பிறந்தது என்பதை
மீட்டர் முதலில் எனக்குத்தான் சொல்லும்.
யார் பிரிந்து போனார் என்பதையும்.
மல்பரி தெரு நாற்பத்தொன்றில்
மே மாதத்திலிருந்து கழிப்பறைத் தொட்டி ஒழுகுகிறது;
இரண்டு கடிதம் போட்டாயிற்று.

கம்பெனிக்காரர் பிரென்ட் ஹாலிஸ்டர்
பேசுவதற்கு முன் நடைவழிக் குழாயில் குனிந்து
ஒரு மிடறு குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு
"நல்ல தண்ணீர்" என்றார்,
மாடு பிடிக்க வந்தவர் பல்லைப் பார்க்கிற மாதிரி.

கெட்ட மனிதர் இல்லை.
அவர் காட்டிய படங்கள் பொய்யும் இல்லை.
பிரதானக் குழாய் புதைத்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில்.
மழை வலுத்தால் சாக்கடை
ஆற்றைக் கேட்காமல் ஆற்றில் இறங்கும்.
மாநிலம் அனுப்பிய அபராதக் கடிதங்களைக்
கோப்பில் சொருகியவள் நான்தான்.
ஒன்பது வருஷம் கட்டணத்தை ஏற்றாமல்
தேர்தலுக்குத் தேர்தல் கைகழுவிய கவுன்சில்
(கழுவியதும் இதே தண்ணீரில்தான்)
போலீஸ் ஓய்வூதியப் பள்ளத்தை
இந்தப் பணத்தைக் கொட்டி மூடலாம் என்கிறது.

ஆளுக்கு மூன்று நிமிஷம்.
பச்சை, மஞ்சள், சிவப்பு: மேஜைமேல் குட்டி விளக்கு.
லொரெய்ன் ட்ரெஸ்லர் தன் அக்காள் ஊர் பில்லை
உயர்த்திக் காட்டினாள். விற்ற நாலாம் வருஷம், இரட்டிப்பு.
சுத்திகரிப்பு நிலையத்து வால்ட் ஸ்வோபோடா
தொப்பியைக் கழற்றினார்.
"ரெண்டு பம்ப் செத்துப்போச்சு.
மூணாவது நான் கட்டின கம்பியில ஓடுது.
யார் வேணா வாங்கிக்கோங்க,
எனக்கு பம்ப் வாங்கிக் கொடுங்க."
கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

எனக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.
நம் பேச்சில், திரும்பக் கேளாமல் கொடுப்பது
தாரை வார்ப்பது.
நிலமோ, மாடோ, பெண்ணோ,
வாங்குகிறவன் கையில் நீரை ஊற்றினால் முடிந்தது.
நீரையே கொடுக்கிறபோது
எதை ஊற்றுவது?

இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்ல?
தொடங்குமுன் மஞ்சள் எரிந்துவிடும்.

சொல்லக் கூடாதது இன்னொன்றும் உண்டு.
என் மேஜையின் இடதுபக்க இழுப்பறை.
இணைப்பைத் துண்டிக்கும் இளஞ்சிவப்பு நோட்டீஸ்கள்
செவ்வாய்க்கிழமை அச்சாகி வரும்.
சிலவற்றை வெள்ளிவரை அதில் கிடத்தியிருப்பேன்.
வெள்ளிக்கிழமை கோழி ஆலையில் சம்பளம்.
திங்கள் காலை வந்து கட்டிவிடுவார்கள்,
கசங்கிய டாலர்களாக, என் முகத்தைப் பார்க்காமல்.
சட்டப்படி தப்பு.
வேறு மாநிலத்தில் இருக்கும் கணினிக்கு
இழுப்பறை கிடையாது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள், தப்பாக.
எழுந்து போனேன். பச்சை.
"கட்டணத்தை ஏற்றுங்கள்" என்றேன்.
"என் வீட்டுக்கும் சேர்த்து."
அரங்கு முணுமுணுத்தது.
இரண்டு நிமிஷம் ஐம்பது விநாடி மிச்சமிருந்தது;
அதை அங்கேயே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

வாக்கெடுப்பு அடுத்த மாதத்துக்குப் போனது.
வண்டி நிறுத்துமிடத்தில் எல்லாரும் வலப்பக்கம் திரும்ப
வால்ட் மட்டும் இடப்பக்கம் போனார்,
மூன்றாவது பம்ப்பைப் பார்க்க.

காலையில் மல்பரி தெருக்காரர் ஜன்னலில்.
"ஒழுகுதுன்னு எழுதியிருந்தீங்களே,
அது இனிமே யாரோட தண்ணி?
நமக்கு ஒழுகுதா, அவங்களுக்கா?"

"வாஷர் மூன்று டாலர்" என்றேன்.
"இன்னைக்கே வாங்கிப் போடுங்க."